பொங்கலுக்கு எல்லோரும் கூடுகிறீர்களா? பாட்டி முதல் பேரன் வரை விளையாடலாம்!

காணும் பொங்கல் நாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது. பெரியப்பா திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். சித்தப்பா செல்போனைப் பார்க்கிறார். அவர் மகனும் செல்போனைப் பார்க்கிறான். பெண்கள் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஒரு பந்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். பாட்டி சுவரில் சாய்ந்தபடி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வருஷத்துக்கு ஒரு நாள்தான் எல்லோரும் கூடுகிறார்கள். அந்த ஒரு நாளும் இப்படியே போகலாமா?

போகக் கூடாது! இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லோரும் சேர்ந்து விளையாடுங்கள்!

"இது என்ன பெரிய வேலை? விசில் ஊதினால் ஆட்டம் தொடங்கிவிடும்" என்று நினைக்காதீர்கள். யோசிக்காமல் தொடங்கினால் விளையாட்டு வினையாகிவிடும். எங்கள் வீட்டிலேயே அப்படி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக் கதை

சில வருஷங்களுக்கு முன் ஒரு காணும் பொங்கல். அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், அக்கா குடும்பம் எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு நாற்காலிப் போட்டி வைத்தோம். பாட்டை நிறுத்தும் வேலை என்னுடையது. நான்தான் தீர்ப்பும் சொன்னேன். முதல் பரிசு ஒரு கைக்கடிகாரம்.

கடைசியில் ஒரே நாற்காலி. அண்ணன் மகளும் தம்பி மகனும் மட்டும் மிஞ்சினார்கள். பாட்டு நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாதி பாதி உட்கார்ந்தார்கள்.

"பையன்தான் முதலில் உட்கார்ந்தான்" என்றேன்.

பெண் அழுதாள். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "கொழுந்தனாருக்கு எப்போதும் தம்பி பிள்ளைதான் செல்லம்" என்றார். தம்பி மனைவி ஏதோ பதில் சொன்னாள். பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அண்ணன் குடும்பம் கிளம்பிவிட்டது.

அடுத்த பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. அதற்கு அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. இரண்டு வருஷமும் அம்மா வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கைக்கடிகாரத்தால் வந்த வினை!

செய்த தப்பு என்ன?

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஐந்து தப்புகள் தெரிந்தன.

1. சொந்தச் சித்தப்பனே தீர்ப்புச் சொன்னது.

2. "இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் என்ன?" என்று முன்கூட்டியே விதி சொல்லாதது.

3. ஒருவருக்கு மட்டும் விலை உயர்ந்த பரிசு வைத்தது.

4. முதலில் தோற்ற பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்தது. சும்மா இருக்கும் பிள்ளை அழும், இல்லாவிட்டால் அடிக்கும்!

5. பெரியவர்களை வேடிக்கை மட்டும் பார்க்க விட்டது. விளையாடுகிறவன் சிரிப்பான். வேடிக்கை பார்க்கிறவன்தான் குற்றம் கண்டுபிடிப்பான்.

இந்த ஐந்தையும் திருத்திக்கொண்டால் போதும். பாதி வேலை முடிந்தது.

முதலில் கணக்கெடுங்கள்

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு நோட்டை எடுங்கள். யார் யார் வருகிறார்கள்? எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் வயதை எழுதுங்கள்.

யாருக்கு முழங்கால் வலி? யாருக்குக் காது மந்தம்? யார் கர்ப்பிணி? யாருக்கு நெஞ்சு வலி வந்து போயிருக்கிறது? அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நோட்டை வைத்துத்தான் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்குப் பிடித்த ஆட்டத்தை முதலில் வைத்துவிட்டு, அதற்கு ஆள் தேடக் கூடாது.

ஓடும் ஆட்டம் இரண்டு, உட்கார்ந்து ஆடும் ஆட்டம் இரண்டு, எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் ஆட்டம் ஒன்று. ஐந்து போதும். மழை வந்தால் ஆட ஓர் ஆட்டத்தைக் கையில் வைத்திருங்கள்.

நடுவர் யார்?

பிள்ளை போட்டியில் இருக்கும்போது தகப்பன் நடுவராக இருக்கக் கூடாது. சித்தப்பாவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரை அழையுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் மதிக்கும் தாத்தாவிடம் விசிலைக் கொடுங்கள். தாத்தாவுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்!

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் விதியை உரக்கச் சொல்ல வேண்டும். நீளமாகச் சொல்ல வேண்டாம். மூன்றே வாக்கியம். பிறகு ஒரு தடவை வெள்ளோட்டம். அதில் வெற்றி தோல்வி கிடையாது. சந்தேகம் எல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும்.

சந்தேகமான தீர்ப்பா? இரண்டு பேருக்கும் வெற்றி! இந்த விதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு நான் இதைச் சொல்லியிருந்தால் இரண்டு பொங்கல் வீணாகியிருக்காது.

உத்தி பிரியுங்கள்

அண்ணன் வீடு ஒரு பக்கம், தம்பி வீடு ஒரு பக்கம் என்று மட்டும் பிரிக்காதீர்கள். அது ஆபத்து!

நம் கிராமத்துப் பிள்ளைகள் அழகான ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்கு "உத்தி பிரித்தல்" என்று பெயர். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். மற்றவர்கள் சமமான பலம் உள்ளவர்களாக இரண்டு இரண்டு பேராகச் சேர்வார்கள். தள்ளிப் போய் ரகசியமாக ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன். திரும்பி வந்து, "சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" என்று கேட்பார்கள். தலைவன் எதைக் கேட்கிறானோ அவன் அந்தக் கட்சி. மற்றவன் எதிர்க் கட்சி.

இதில் என்ன நன்மை? இரண்டு கட்சியும் சம பலமாக இருக்கும். "என்னை யாரும் எடுக்கவில்லை" என்று ஒரு குழந்தையும் ஏங்கி நிற்காது. யார் எந்தப் பக்கம் என்பதைத் தற்செயல் முடிவு செய்கிறது. யார் மீதும் பழி இல்லை!

பெரியவர்களும் இப்படியே பிரியட்டும். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் வந்தால் இன்னும் நல்லது.

எப்போது தொடங்குவது?

சாப்பிட்ட உடனே ஓடக் கூடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும். மூன்றரை மணிக்குத் தொடங்குங்கள். தை மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் முடித்துவிடலாம்.

முதலில் உட்கார்ந்து ஆடும் ஆட்டம். அடுத்து ஓட்டம். நடுவில் மோரும் தண்ணீரும். பிறகு மறுபடியும் உட்கார்ந்து ஓர் ஆட்டம். கடைசியில் பானை உடைத்தல். எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தான். அதை முதலில் வைத்தால் பிறகு கூட்டம் கலைந்துவிடும்.

ஓர் ஆட்டம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை!" என்று கத்துவார்கள். அசையாதீர்கள். அந்த ஆசையோடு அடுத்த ஆட்டத்துக்கு வருவார்கள்.

தாம்பாள ஆட்டம்

ஒரு தாம்பாளத்தில் 15 பொருள்களை வையுங்கள். சாவி, கரண்டி, பூண்டு, வளையல், பென்சில், தீப்பெட்டி... எதுவானாலும் சரி. ஒரு நிமிஷம் எல்லோரும் பார்க்கட்டும். பிறகு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். ஞாபகம் இருக்கிறதை எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பேரன் பேத்தியின் காதில் சொல்லலாம்.

இது உலகம் சுற்றிய ஆட்டம். ருட்யார்ட் கிப்ளிங் என்ற ஆங்கில எழுத்தாளர் 1901-ல் "கிம்" என்ற நாவலை வெளியிட்டார். அதில் ஒரு சிறுவனுக்கு ஒற்றர் வேலை பழக்குகிறார்கள். சிம்லாவில் ஒரு கடையில், தட்டு நிறையக் கற்களைக் காட்டி மூடி, என்ன இருந்தது என்று கேட்கிறார்கள். பிறகு சாரணர் படையும் இந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டது.

வீட்டுப் பெண்களோடு ஆடிப் பாருங்கள். அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று தினமும் ஞாபகம் வைப்பவர்கள் அவர்கள். பட்டதாரிகளையும் தோற்கடித்துவிடுவார்கள்!

புது நாற்காலி ஆட்டம்

பழைய நாற்காலிப் போட்டியில் ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை வெளியே போகிறது. முதலில் வெளியே போவது யார்? சின்னப் பிள்ளைதான். ஒரே நிமிஷத்தில் அதன் பொங்கல் முடிந்துவிடுகிறது.

இப்படி மாற்றுங்கள். நாற்காலியை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள்! பாட்டு நின்றதும் இருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் உட்கார வேண்டும். மடியில் உட்காரலாம். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். தரையில் கால் படக் கூடாது. எல்லோரும் சேர்ந்து எத்தனை நாற்காலி வரை குறைக்க முடிகிறது என்பதுதான் போட்டி. யாரும் தோற்பதில்லை!

இதற்குப் பிளாஸ்டிக் நாற்காலி உதவாது, உடைந்துவிடும். மர பெஞ்சு, கோரைப் பாய், கோணிச் சாக்கு போடலாம்.

எலுமிச்சம்பழ ஓட்டம்

இது எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம்தான். ஆனால் தாத்தாவையும் சேர்த்து ஆடலாம்.

முப்பது அடி தூரத்தில் தாத்தா, பாட்டி, பெரியம்மா எல்லோரையும் நாற்காலியில் உட்கார வையுங்கள். கையில் ஆளுக்கு ஒரு தம்ளர். பிள்ளைகள் கரண்டியில் எலுமிச்சம்பழத்தோடு வர வேண்டும். கையால் தொடாமல் தம்ளரில் போட வேண்டும். தாத்தா தம்ளரை முன்னே பின்னே நகர்த்திப் பிடிக்கலாம். பழம் விழுந்தால் அங்கிருந்தே மறுபடி தொடங்கலாம்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கரண்டியைக் கையில் பிடிக்கட்டும். வாயில் கரண்டியோடு விழுந்தால் தொண்டையில் குத்திவிடும்.

எண் சீட்டு

கிளப்புகளில் "தம்போலா" என்று ஆடுவார்கள். 1 முதல் 90 வரை எண்கள். ஒரு சீட்டில் 15 எண் இருக்கும். நாம் வீட்டில் சுலபமாக ஆடலாம்.

ஆளுக்கு ஒரு காகிதம். அதில் மூன்று வரி, வரிக்கு மூன்று கட்டம். மொத்தம் ஒன்பது. 1 முதல் 50 வரை ஏதாவது ஒன்பது எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். 50 துண்டுச் சீட்டுகளில் எண்களை எழுதி ஒரு செம்பில் போடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் படியுங்கள். தன்னிடம் அந்த எண் இருந்தால் அதன் மேல் ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும். முதலில் ஒரு வரி முடிப்பவர், முதலில் நான்கு மூலையும் முடிப்பவர், முதலில் முழுச் சீட்டும் முடிப்பவர். மூன்று வெற்றி!

பாட்டிக்கு எண் படிக்கத் தெரியாதா? இரண்டாம் வகுப்புப் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேத்தி எண்ணைக் காட்டுவாள். பாட்டி புளியங்கொட்டையை வைப்பாள். மூன்று ஆட்டம் முடிவதற்குள் பாட்டிக்குச் சில எண்கள் தெரிந்துவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காசு வைத்து ஆடாதீர்கள். பத்து ரூபாயாக இருந்தாலும் வேண்டாம். காசு வந்தால் சிரிப்பு போய்விடும்.

வடம் இழுக்கலாமா?

இழுக்கலாம். ஒரு காலத்தில் இது ஒலிம்பிக்கிலேயே இருந்தது! 1900 முதல் 1920 வரை நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் கயிறு இழுக்கும் போட்டி உண்டு.

ஆனால் ஜாக்கிரதை! கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இடுப்பிலும் கட்டக் கூடாது. திடீரென்று இழுபட்டால் விரல் போய்விடும். நைலான் கயிறு உள்ளங்கையைச் சுட்டுவிடும். தடித்த பருத்திக் கயிறு நல்லது. சிமெண்டுத் தரையில் வேண்டாம். மணலில் இழுங்கள். முதுகுவலிக்காரர்களும் இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கை தட்டினால் போதும்.

பானை உடைத்தல்

பழைய உறியடியில் பானை சும்மா தொங்காது. கயிற்றை மேலும் கீழும் இழுப்பார்கள். அடிக்க வருபவர் முகத்தில் தண்ணீரை ஊற்றுவார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். கண்ணைக் கட்டி அடித்தால் போதும்.

பானையைச் சுற்றிப் பத்து அடிக்குக் கோலமாவினால் ஒரு வட்டம் போடுங்கள். அடிப்பவரையும் நடுவரையும் தவிர யாரும் வட்டத்துக்குள் வரக் கூடாது. அடிப்பவர் அடிக்கும்போது நடுவரும் எட்டி நிற்க வேண்டும். கனமில்லாத மூங்கில் கம்பு போதும். ஆளுக்கு மூன்று அடி. சின்னவர்களை முதலில் விடுங்கள். வயதானவர்களைச் சுற்றிவிடாதீர்கள், தலை சுற்றி விழுந்துவிடுவார்கள்.

பானைக்குள் மஞ்சள் தண்ணீரும் பூவும் போடுங்கள். மிட்டாய் போடாதீர்கள். பானை உடைந்ததும் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிப் பொறுக்குவார்கள். ஓடு காலைக் கிழித்துவிடும். முதலில் பெருக்குங்கள். பிறகு மிட்டாயைக் கையில் கொடுங்கள்.

திண்ணை ஆட்டங்கள்

எல்லோராலும் முற்றத்தில் ஓட முடியாது. திண்ணையில் ஒரு மூலையை ஒதுக்குங்கள்.

பல்லாங்குழியை எடுங்கள். பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து என்று போட்டால் 70 சோழி வேண்டும். இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஆட்டத்தைத் தொடங்குமுன் எந்த ஊர்க் கணக்கு என்று பேசிக்கொள்ளுங்கள்!

ஆடு புலி ஆட்டத்துக்குச் சாக்குக்கட்டி இருந்தால் போதும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்று சேர்ந்து புலியை நகர விடாமல் அடைக்கும். ஒற்றை ஆடு தனியாக நின்றால் போச்சு! சேர்ந்து நின்றால்தான் வெற்றி. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எது?

இந்த மூலைக்கு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடாதீர்கள். சோழியும் புளியங்கொட்டையும் வாய்க்குள் போனால் மூச்சு அடைத்துவிடும். பலூன் துண்டும் அப்படித்தான்.

பரிசு என்ன கொடுப்பது?

எல்லோருக்கும் கொடுங்கள். ஒரே மாதிரி கொடுங்கள். கடலை மிட்டாய், பென்சில், ஒரு முழம் பூ போதும். வென்ற கட்சிக்கு ஒரு மரியாதை செய்யலாம்: இரவுச் சாப்பாட்டில் முதல் பந்தி! தோற்ற கட்சி பரிமாறட்டும். செலவு இல்லை. சிரிப்பு நிறைய.

அடுப்படியில் இருக்கும் பெண்களை மறக்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் பாத்திரத்தை எல்லோரும் சேர்ந்து கழுவி முடியுங்கள். வீட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டிருக்க, மற்றவர்கள் ஆடினால் அது குடும்ப விளையாட்டே அல்ல.

மூன்றாவது பொங்கல்

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன்.

மூன்றாவது வருஷம் நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அன்று நான் சொன்ன தீர்ப்புத் தப்பு. இரண்டு பிள்ளைகளும்தான் ஜெயித்தார்கள்" என்றேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. காப்பி மட்டும் கொடுத்தார்.

பொங்கல் அன்று பதினொரு மணிக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள்.

மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் நடுவர். அக்காவும் மாமாவும் கட்சித் தலைவர்கள். பெண்கள் உத்தி பிரிந்தார்கள். அண்ணி அக்கா மகளோடு சேர்ந்து வந்தார். அக்கா கட்சிக்குப் போனார். தம்பி மனைவியும் அதே கட்சிக்கு வந்துவிட்டாள். வடம் இழுக்கும்போது முன்னால் அண்ணி, பின்னால் தம்பி மனைவி. கயிறு இந்தப் பக்கம் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மணலில் விழுந்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

அம்மா அதைப் பார்க்கவில்லை. திண்ணையில் அண்ணன் மகளோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அழுத அதே பெண்தான். அம்மா தோற்றுக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே தோற்றாளோ என்னவோ!

இரவு பந்தியில் அம்மா இலைகளை எண்ணினாள். 26 இலை. ஒன்றும் குறையவில்லை.

இந்தப் பொங்கலுக்கு நீங்களும் ஒரு நோட்டை எடுங்கள். முதலில், போன வருஷம் வராதவர் யார் என்று எழுதுங்கள். அவர் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். விசில் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.